முந்தின சென்சார்

ஆஞ்சப்பனுக்கு நான் தாய்மாமன். என் தங்கை மாதம்மாளின் மூத்த மகன் அவன். மாதம்மாளைக் காவேரிப்பட்டினத்தில் கட்டிக் கொடுத்தோம். அவள் புருஷன் வீட்டார் பூர்வீகம் மத்தூர்ப் பக்கம். அங்கிருந்து அவர்கள் ஆற்றங்கரைக்கு வந்த கதை தனி, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஓசூரில் கார் வைத்திருப்பவர்களில் ரொம்பப் பேருக்கு ஆஞ்சப்பனைத் தெரியும். மத்திகிரி போகிற ரோட்டில், டயர்க்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் தகரம் போட்ட ஒர்க்‌ஷாப் அவனுடையது. முதலில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. பிறகு ஒரு சர்வீஸ் சென்டரில் கார் வயரிங் பார்த்தான். அப்புறம்தான் சொந்தக் கடை. அவன் கடையில் கழற்றிப் போட்ட பழைய கார் சீட் ஒன்று உண்டு. ஓசூரில் இருக்கிற என் சின்ன மகன் வீட்டுக்கு வந்தால் பகலெல்லாம் அதில்தான் எனக்கு உட்காருமிடம்.

அவனுக்கு ஒரு வழக்கம். காரில் உள்ள எந்த உறுப்பைச் சொன்னாலும் உறவுமுறை வைத்துத்தான் சொல்வான். ஒரு நாள் புகைக்குழாயில் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைப் பற்றிக் கேட்டேன். அவன் சொன்னது எனக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டது.

பெட்ரோல் எரிந்த புகை என்ஜினிலிருந்து குழாய் வழியாக வெளியே போகிறது. வழியில் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா ஒன்று உண்டு. அதுதான் வீட்டு மருமகள். டப்பாவுக்கு முன்னால் ஒரு சென்சார், அது மாமியார். டப்பாவுக்குப் பின்னால் ஒரு சென்சார், அது நாத்தனார். மாமியாருக்கு வேலை, புகையை மோந்து பார்த்து ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பது. பெட்ரோல் அதிகம், குறை. இப்போது குறைச்சல், ஊற்று. மறுபடி அதிகம், குறை. செல்போன் மாதிரி இருக்கிற ஸ்கேனரைக் காரில் சொருகினால் மாமியாரின் பேச்சு கோடாகத் தெரியும். மேலே ஏறும், கீழே இறங்கும், நிற்காது. நாத்தனாரின் கோடோ அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் மேலும் கீழும் குதித்தால், டப்பா வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

“மாமியார் பேசணும், நாத்தனார் பேசக்கூடாது. அவ்ளோதான் மாமா சங்கதி” என்பான்.

மாமியார் வாய் மூடிவிட்டால் என்ஜினுக்கு அளவு தெரியாது. இஷ்டத்துக்குப் பெட்ரோலை ஊற்றிக்கொள்ளும், புகை கறுக்கும், மேடு ஏறும்போது வண்டி திக்கும். ஸ்கேனர் ஒருத்தர் மேல் புகார் சொன்னாலும் இரண்டு பேர் கோட்டையும் பார்க்காமல் ஆஞ்சப்பன் ஸ்பேனரைத் தொட மாட்டான். வயரை எலி கடித்திருக்கிறதா, குழாயில் விரிசல் விட்டு வெளிக்காற்று உள்ளே புகுகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் புதுசு வாங்கச் சொல்வான்.

இவ்வளவு விவரமானவனுக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. போச்சம்பள்ளியில் ஒரு பெண் பார்த்தோம், லட்சணமான பெண். பேச்சு வாக்கில் பெண்ணின் தாத்தா பெயரைக் கேட்டேன். அவரும் ஆஞ்சப்பனின் தாத்தாவும் பங்காளிகள். தங்கை முறை ஆகிவிட்டது. பர்கூரில் ஒன்று பார்த்தோம். அந்தப் பெண்ணின் அம்மாவும் மாதம்மாளும் பெரியம்மா சித்தி மக்கள் முறை வந்தது. அதுவும் தங்கை. மாரண்டஅள்ளியில் பார்த்தது சித்தி முறை. காப்பி குடித்த கையோடு கும்பிட்டுவிட்டு வந்தோம். எனக்கு ஒரு பெண் இருந்திருந்தால் பேச்சே இல்லை, உரிமையோடு கொடுத்திருப்பேன். எனக்கு மூன்றும் பையன்கள்.

“மாமனைக் கூட்டிகினு போனா ஊர்ல இருக்கற பொண்ணெல்லாம் எனக்குத் தங்கச்சி ஆயிடுது” என்று ஆஞ்சப்பன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கடைக்கு வருகிற பெண்களும் அவனை அண்ணா என்றே கூப்பிடுவார்கள். ஓசூரில் அது பொது வழக்கம். எண்பது வயதுக் கிழவியும் ஆட்டோக்காரனை அண்ணா என்பாள்.

ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் நேத்ராவதி வந்தாள். தளிக்காரி. வீட்டில் பேசுவது கன்னடம், வெளியில் தமிழ். அப்பாவோடு சேர்ந்து சாமந்தியும் ரோஜாவும் பயிர் வைத்திருக்கிறாள். ஒரு பழைய வெள்ளை வேனில் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு அவளே ஓசூருக்கு ஓட்டி வருவாள். முப்பத்தைந்து வயது இருக்கும். வேன் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கிறது, முன் பலகையில் மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது, மேட்டில் திக்குகிறது என்று சொன்னாள். அந்த வருஷம் முதல் தடவையாகச் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆயுத பூஜைப் பூ முழுவதையும் அவளிடமே கேட்டிருந்தது. புதன்கிழமை மத்தியானம் பூஜை. அதற்குள் பூ போய்ச் சேர வேண்டும். பூவோடு வண்டி மேட்டில் நின்றுவிட்டால் அடுத்த வருஷம் அந்த வாசலை மிதிக்க முடியாது என்றாள். பிறகு ஆஞ்சப்பனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்.

“வண்டி நின்னுச்சுன்னா உங்க கடைப் பக்கமும் வரமாட்டேன் மேஸ்திரி.”

அண்ணா என்று சொல்லவில்லை, மேஸ்திரி என்றாள். அந்த ஒரு சொல்லில் என் மருமகன் ஆடிப்போனான். நான் கார் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கேனரைச் சொருகினான். பின்னால் இருக்கிற சென்சாருக்குள் சூடு ஏற்றுகிற கம்பி செத்துவிட்டது என்று அது சொன்னது. அது சரியான புகார்தான். வயரையும் பார்த்தான், குழாயையும் பார்த்தான். மாமியாரின் கோடு திரையில் ஓடியபோது மட்டும் அவன் திரையைப் பார்க்கவில்லை, நேத்ராவதியைப் பார்த்தான். வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற மாமியார் நாத்தனார் கதையையும் அவளிடம் சொல்லவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. சொல்லியிருந்தால் பின்னால் நடந்த குழப்பமே வந்திருக்காது.

பின் சென்சாரைக் கழற்றிப் புதுசு மாட்டினான். மஞ்சள் விளக்கு அணைந்தது. பழசைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தான். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாள் ஆஞ்சப்பன் எங்கிருந்தோ இரண்டு சாமந்திச் செடி வாங்கி வந்து கடை வாசலில் எண்ணெய் டின்னில் நட்டான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாதம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்ன முறை வருகிறது என்று கேட்காதே என்று அவள் எனக்கே உத்தரவு போட்டாள்.

திங்கட்கிழமை நேத்ராவதியிடமிருந்து போன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து டயர்க்கடையில் நட்டு கழற்றுகிற மெஷினைப் போட்டுவிட்டார்கள். அதன் சத்தத்தில் காது கேட்காது. இவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சரி, சரி என்று மட்டும் சொன்னான். போனை வைத்தபோது முகம் சுருங்கிவிட்டது.

என்னடா என்றேன். வண்டி இன்னும் பெட்ரோல் குடிக்கிறதாம். அவள் சித்தப்பா மகன் சென்னப்பன் ஆனேக்கல்லில் டாக்ஸி ஓட்டுகிறவன், அவன் வண்டியைப் பார்த்து ஒரு யோசனை சொன்னானாம்.

“முந்தின சென்சார் போட்டுடுங்கன்னு சொல்றா மாமா.”

அதாவது, இவன் மாட்டிய புதுசைக் கழற்றிவிட்டு, முந்தி இருந்த பழசையே போடச் சொல்கிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முந்தின நாள் என்றால் போன நாள். முந்தின வீடு என்றால் முன்பு இருந்த வீடு. தமிழ் பேசுகிறவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்.

இன்னொன்றும் சொன்னாளாம். முந்தின ஞாயிறு, வீடு, அப்பா பார்க்க என்று மூன்று வார்த்தைதான் காதில் விழுந்தது, மிச்சத்தை டயர்க்கடை தின்றுவிட்டது.

“முந்தின ஞாயிறுன்னா நேத்துதானே மாமா? நாம பர்கூர்ல இல்ல இருந்தோம்?”

ஆமாம், பர்கூரில்தான் இருந்தோம். என் பெரிய சம்பந்தியின் தம்பி பேத்திக்குக் காது குத்து. அவனும் வந்திருந்தான். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் அப்பா அன்றைக்குத் தன்னைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார், அந்தச் சேதி தனக்கு வந்து சேரவில்லை, அவர் காத்திருந்து ஏமாந்திருக்கிறார், அந்தக் கோபத்தில்தான் புதுசும் வேண்டாம் பழசையே போடு என்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். எனக்கும் அது நியாயமாகப்பட்டது.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தாடி வைத்த ஆள் வேனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர்தான் சென்னப்பன். ஆஞ்சப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புது சென்சாரைக் கழற்றினான், பழசைத் துணியிலிருந்து எடுத்து மாட்டினான். பளிச்சென்று மஞ்சள் விளக்கு வந்தது. அதைப் பார்த்து, கேட்டது அவங்கதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சென்னப்பன் திரும்பி வந்து, போட்டாச்சா என்றார். முந்தினதே போட்டாச்சு என்றான் இவன். அவரும் திருப்தியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலை நேத்ராவதியிடமிருந்து மறுபடி போன். இந்தத் தடவை டயர்க்கடை சத்தத்தாலும் அவள் குரலை அமுக்க முடியவில்லை, அவள் பேசியது எனக்கே கேட்டது. தளி ரோட்டு மேட்டில் வேன் நின்றுவிட்டது, உள்ளே கூரை வரைக்கும் சாமந்தி.

ஆஞ்சப்பன் ஸ்கேனரையும் ஸ்பேனர் பையையும் தூக்கினான். நானும் அவன் காரில் ஏறிக்கொண்டேன். அவளுடைய கோபத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனுஷன் நிற்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

வேன் ஒரு புளியமரத்தடியில் நின்றது. சென்னப்பன் பூ மூட்டை ஒன்றைக் கீழே இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நேத்ராவதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். ஆஞ்சப்பன் நேரே வண்டியிடம் போனான். வேனுக்குள் ஸ்கேனரைச் சொருகி, செல்ஃப் அடித்து, இருமி இருமி எழுந்த என்ஜினின் கோடுகளைப் பார்த்தான். இந்தத் தடவை திரையை மட்டும்தான் பார்த்தான். மாமியாரின் கோடு மேலே ஏறவே இல்லை, அடியிலேயே சோம்பலாகப் படுத்துக் கிடந்தது. எப்போதாவது ஒரு தடவை புரண்டு படுத்தது.

“முன்னாடி இருக்கற சென்சார் போச்சு” என்றான், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவன் போல.

“அதைத்தானே நான் திங்கட்கிழமையே சொன்னேன்” என்றாள் நேத்ராவதி.

“நீங்க முந்தினது போடச் சொன்னீங்க. முந்தினதுதான் போட்டேன்.”

“நீங்க போட்டது பின்னாலது.”

“பின்னாலதுதான். ஆனா முந்தி இருந்தது. முந்தி இருந்ததைத்தானே முந்தினதுன்னு சொல்வாங்க?”

முதலில் சிரித்தது சென்னப்பன்தான். மூட்டையோடு சாய்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினார். “எங்க பாஷையில முந்தினதுன்னா முன்னால இருக்கறது மாமா. இனிமே வரப்போறதையும் அப்படித்தான் சொல்வோம். இந்த பஸ் போனா அடுத்து வருதே, அதுதான் முந்தின பஸ்.”

ஓசூர்க்காரனாக இருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. அவர்கள் பிறந்ததிலிருந்தே இரண்டு பாஷையையும் கேட்கிறவர்கள். காவேரிப்பட்டினத்துக்காரன் நாலு கன்னட வார்த்தை தெரிந்துகொண்டு எல்லாம் தெரியும் என்று நினைத்தான். அவள் முழுக்கக் கன்னடமாகவே பேசியிருந்தால் யாரையாவது அர்த்தம் கேட்டிருப்பான். அவளோ தமிழ் பேசினாள், நடுவில் இந்த ஒரு கன்னட வார்த்தை தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவன் யோசனை வேறு எங்கோ போய்விட்டது.

“அப்ப, முந்தின ஞாயிறு?”

நேத்ராவதி பூ மூட்டையின் கயிற்றை இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

“இந்த வாரம் வர்றது. அப்பா உங்களைப் பார்க்கணும்னார். நீங்களும் சரி சரின்னு சொன்னீங்க.”

ஆஞ்சப்பன் கையிலிருந்த ஸ்பேனர் அவன் கால் மேலேயே விழுந்தது. வலித்திருக்க வேண்டும். வலித்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற கோபிக்குப் போன் போட்டு, வண்டி மாடலைச் சொல்லி, மாமியார் ஒன்று வேண்டும் என்றான். கோபிக்கு அவன் பாஷை பழக்கம். சென்னப்பன் அந்த வழியாக வந்த காய்கறி டெம்போ ஒன்றை நிறுத்தி, பாதி மூட்டைகளை ஏற்றிக் கம்பெனி வாசலுக்குக் கூடவே போனார். கோபி பைக்கில் வந்து சேர்வதற்குள் இவன் புதுப் பின் சென்சாரை அதன் இடத்தில் திரும்ப மாட்டிவிட்டான், கரி பிடித்த பிளக்குகளையும் கழற்றித் துடைத்துவிட்டான்.

என்ஜின் சூடாக இருந்தது நல்லதாகப் போயிற்று, சூட்டில்தான் சென்சார் இளகும் என்றான். தடிமனான கையுறை போட்டுக்கொண்டான். முதலில் வயர் கிளிப்பை எடுத்தான். துருவுக்கு எண்ணெய் அடித்துக் கொஞ்சம் ஊறவிட்டான். பிறகு வயர் நுழைவதற்குப் பக்கவாட்டில் கீறல் விட்ட ஸ்பேனரைப் போட்டு ஒரே அழுத்து. கிறீச்சென்று ஒரு சத்தம், மாமியார் வெளியே வந்தாள். அடுப்புக்கரி மாதிரி மூக்கெல்லாம் கறுப்பு. புதுசின் மரைக்கு மட்டும் பசை தடவினான். அதன் மூக்கில் விரலோ பசையோ படக்கூடாதாம், பட்டால் மோப்பம் போய்விடும். கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கி, வயர் சூடான குழாயைத் தொடாதபடி கட்டினான். இந்த வேலையெல்லாம் செய்துகொண்டே மாமியார் நாத்தனார் கதையை அவளுக்குச் சொன்னான். நாக்கு எப்படி அவிழ்ந்தது என்று தெரியவில்லை.

ஸ்கேனரில் பழைய புகாரை அழித்துவிட்டு வண்டியை ஓடவிட்டான். நாங்கள் எல்லோரும் குனிந்து திரையைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சூடு ஏறியதும் கோடு எழுந்தது, மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. பின் கோடு கம்மென்று நேராக இருந்தது.

“மாமியார் பேசறாங்க” என்றாள் நேத்ராவதி.

பூஜைக்கு நேரத்தோடு வேன் போய்ச் சேர்ந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து அவள் சாமந்தியைத்தான் மாலையாகப் போட்டார்கள். வாட்ச்மேன் எனக்கும் ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் புறப்பட்டோம். ஆஞ்சப்பன், மாதம்மாள், நான். அங்கே காலையிலேயே குளிராக இருந்தது, மாதம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். காரில் போகும்போதே ஆஞ்சப்பன் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டான்.

“மாமா, அங்க யாரோட தாத்தா பேரையும் கேக்கக் கூடாது.”

நான் கேட்கவில்லை. நேத்ராவதியின் அப்பாதான் கேட்டார். அவரும் என்னைப் போன்ற ஆள்தான் போலிருக்கிறது. உங்க அம்மா எந்த ஊர், அவங்க அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று ஆரம்பித்தார். ஆஞ்சப்பன் முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் இரண்டு கிழவர்களும் அந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டை, இந்தப் பக்கம் ராயக்கோட்டை என்று கொள்ளுத்தாத்தா வரைக்கும் போய்ப் பார்த்தோம். எங்கேயும் ஒட்டவில்லை. ஒரு பங்காளி இல்லை, ஒரு சித்தி இல்லை. இவ்வளவு வயதில் உறவே சொல்ல முடியாத ஒரு வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மாதம்மாள், சென்சார் கதையை அப்போதுதான் நேத்ராவதி வாயால் முழுசாகக் கேட்டாள். “அப்ப நான் வாயை மூடிகினு இருந்தாதான் வீட்டுக்குக் கெடுதல்னு சொல்லு” என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் கூச்சம் இல்லை.

காப்பி வந்தது. குடித்து முடித்ததும் நேத்ராவதியின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆஞ்சப்பனைப் பார்த்தார்.

“முந்தே?” என்றார்.

எல்லோரும் அவனையே பார்த்தோம். ஒரு தடவை சூடு பட்டவன் அல்லவா, அவன் அவசரப்படவில்லை. கதவருகில் நின்ற நேத்ராவதி பக்கம் திரும்பிக் கேட்டான்.

“அப்பா கேக்கறது பழசையா, இனிமே வர்றதையா?”

“இனிமே வர்றதைத்தான் மேஸ்திரி” என்றாள் அவள்.

“அப்ப தை மாசம்” என்றான் ஆஞ்சப்பன்.